இரண்டு தடவை எழுதிய பெயர்

புது வீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் கம்ப்யூட்டரில் இரண்டிரண்டு தடவை இருந்தார்கள். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி மோகனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த மலேசியத் தேயிலைத் தோட்டத்து வழக்கம் அது. ஆபீசில் எதைக் கொடுத்தாலும் தொலைந்துபோகும். அதனால் ஒரு தடவை கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்று மறுபடியும் கொடுப்பார்கள். மோகனாவே தன் அம்மா வேலம்மாவின் பெயரை இரண்டு தடவை ஏற்றியிருந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே அம்மா குடை பிடித்துக்கொண்டு சமைக்கிறாள்.

சுப்பன் மட்டும் ஒரே தடவை கொடுத்தார்.

"துரை சொன்னா செய்வாருலா," என்றார். வரிசையே சிரித்தது.

மேனேஜர் துரை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள லிஸ்டை கேஎல் ஹெட் ஆபீசுக்கு அனுப்பிடு. ஒரே பேரு ரெண்டு தடவை வரக்கூடாது."

எக்ஸெல்லுக்குக் காசு கட்டாத கம்பெனி. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் வேலை நடக்கும். இரட்டைப் பெயர்களை நீக்க மோகனா uniq என்று அடித்தாள். ஒரு பெயரும் குறையவில்லை. அடுத்தடுத்து இருக்கும் வரிகளை மட்டுமே அது ஒப்பிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெயர்களை வரிசைப்படுத்தினாள். மறுபடியும் uniq அடித்து, பலமாக இருக்கட்டும் என்று அதோடு -u வையும் சேர்த்தாள். ஆளுக்கு ஒன்று மிஞ்சும் என்று நம்பி, திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினாள்.

பிறகு திறந்தாள். சுப்பன் மட்டும் இருந்தார். இரண்டில் ஒன்றை அல்ல, இரண்டையுமே தூக்கி எறிவதுதான் அந்த -u வின் வேலை.

துரையிடம் ஓடினாள். "ஐயா, தப்பாயிருச்சு. திருத்தி அனுப்பட்டுமா?"

"திருத்தினா என் தலைதான் உருளும். வாயை மூடிக்கிட்டு இரு."

லயம் முழுக்கச் செய்தி பரவியது. தெருவில் யாரும் மோகனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெத்தவளையே அழிச்சிட்டியேடி!" என்று வேலம்மா சோற்றுத் தட்டை நகர்த்திவைத்தாள். மோகனா அன்று அழுதே தீர்த்தாள்.

அடுத்த வாரம் சுப்பன் வீட்டு வாசலில் லோரி வந்து நின்றது. லயமே வயிறெரிந்துகொண்டு சாமான் ஏற்றிக் கொடுத்தது. சுப்பன் புதுச் சட்டை போட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து எல்லாருக்கும் கையசைத்தார்.

மோகனாவுக்குப் பொறுக்கவில்லை. சாமி படங்களைக் கட்டிக்கொண்டிருந்த டிரைவர் ராமையாவிடம் மெல்லக் கேட்டாள். "அண்ணே, புது வீடு எங்கே இருக்கு?"

"வீடா? அந்த லிஸ்டே லயத்தைக் காலி பண்ணச் சம்மதம்னு வாங்கினதாம், அதுல பேர் இருந்தது இவர் ஒருத்தர்தானாம், பிரிஞ்சாங் டவுன் பஸ் ஸ்டாண்டுல இறக்கிட்டு வரச் சொன்னாங்கலா."