ஆடி மாதத்தில் ஒரு கீறல்

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. வனப் பேரவையின் குறிப்பேட்டில் அது "காலி இடம், சற்று ஈரம்" என்று பதிவாகியிருந்தது. ஆனாலும் அது குட்டைதான்.

அதன் கரையில் சடைச்சி என்ற ஆமை பதினோரு முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தாள். அவை பொரிக்க இன்னும் இருபது நாள் இருந்தது. ஒரு காலையில் மாசாணம் என்ற தவளை மூச்சிரைக்கத் தாவி வந்தான்.

"அக்கா, நம்ம குட்டையை மண் போட்டு மூடப் போறாங்களாம்."

"எதுக்குடா?"

"நினைவுச்சின்னம் கட்டவாம்."

"யாருக்கு?"

"குட்டைக்குத்தான். 'இங்கே ஓர் அழகிய குட்டை இருந்தது'ன்னு கல்லுல செதுக்கி வைப்பாங்களாம். திறப்பு விழாவுக்கு நமக்கும் அழைப்பு உண்டாம்."

"எப்போ?"

"விழாவா?"

"மூடுறது."

"ஆடி ஏழாம் தேதி பேரவையில ஓட்டெடுப்பு. இன்னும் பன்னிரண்டு நாள். ஜெயிச்சா மறுநாளே மண்ணு."

சடைச்சி முட்டைகள் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடக்கத் தொடங்கினாள். எங்கே போகிறாள் என்று மாசாணத்துக்கு மதியம்தான் புரிந்தது. அவள் உறுப்பினரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்டில் பகுதிக்கு ஓர் உறுப்பினர் உண்டு. பேரவையில் வாலைத் தூக்கினால் ஆதரவு, தாழ்த்தினால் எதிர்ப்பு. வால் இல்லாததால் தவளைகளும், இருந்தும் தெரியாததால் ஆமைகளும் தேர்தலில் நிற்க முடியாது. குட்டைப் பகுதியின் உறுப்பினர் மாண்புமிகு நீலகண்டன். மயில். வாலின் நீளத்தைப் பார்த்தே மக்கள் வாக்களித்திருந்தார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் நம் ஆதரவு தெரியும் என்பது அப்போதைய பேச்சு.

நீலகண்டன் மக்களோடு நெருங்கிப் பழகுபவர் என்று பெயர் வாங்கியிருந்தார். மாதம் ஒரு திங்கள்கிழமை ஆலமரத்தடியில் குறைதீர் முகாம் நடத்துவார். தோகை விரித்து இரண்டு சுற்று ஆடுவார். மக்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலோருக்கு அதிலேயே குறை தீர்ந்துவிடும்.

அவருக்கு ஆட்காட்டிக் குருவி ஒன்று உதவியாளராக இருந்தது. யாராவது நெருங்கினால் கத்துவது அதன் பிறவிக் குணம். அந்தத் தகுதியில்தான் வேலை கிடைத்தது.

சடைச்சி விடிவதற்கு முன்பே வந்து முதல் டோக்கனை வாங்கியிருந்தாள்.

"டோக்கன் ஒண்ணு!" என்று குருவி கத்தியது.

"இதோ வர்றேன்" என்றாள் சடைச்சி. பத்தடி தள்ளி நின்றிருந்தாள்.

"டோக்கன் ஒண்ணு வரலை. டோக்கன் ரெண்டு!"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி."

"வராதவங்க அடுத்த மாசம் வாங்கம்மா. டோக்கன் மூணு!"

எழுபத்து நான்காவது டோக்கன் முடிந்தபோது சடைச்சி மேசையை அடைந்தாள். வாயில் கவ்வியிருந்த இலையை நீட்டினாள். அதில் குட்டையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தாள்.

நீலகண்டன் அப்போதுதான் தோகையை அகல விரித்துக்கொண்டிருந்தார். இலையைக் கண்டதும் தோகை படாரென்று மூடிக்கொண்டது. கழுத்து சுருங்கியது.

"அம்மா, எனக்கு ஒரு முக்கியமான கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் புதருக்குள் நுழைந்தார்.

சடைச்சி காத்திருந்தாள். புதருக்குள் கூட்டம் எதுவும் இல்லை. ஒரு நீலக் கழுத்து மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"ஐயா எல்லா மனுவையும் மனசுல வாங்கிக்கிட்டாரு" என்றது குருவி.

மாசாணத்துக்குக் கோபம் வந்தது. "அக்கா, இதெல்லாம் வேலைக்கு ஆகாது. நாங்க நானூறு பேர் ஓட்டெடுப்பு அன்னிக்குப் பேரவைக்கு வர்றோம். பார்வையாளர் மேடையில உக்காந்து தொண்டை கிழியக் கத்துறோம். அவர் காதுல விழாமலா போயிடும்?"

"கொஞ்சம் பொறு. இதுக்கு முன்னாடி அவர் எதுக்கெல்லாம் எப்படி ஓட்டுப் போட்டாருன்னு பார்த்துட்டு வருவோம்."

பேரவைக்குப் பின்னால் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு மரம் இருந்தது. பதிவாளரான மரங்கொத்தி, ஆதரவுக்கு ஒரு துளையும் எதிர்ப்புக்கு ஒரு கீறலும் போடுவார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இதுவரை யாரும் வந்ததில்லை. சடைச்சியைக் கண்டதும் மரங்கொத்தி வழிதவறி வந்தவள் என்று நினைத்துப் பாதையைக் காட்டினார்.

"இல்லண்ணே, எங்க உறுப்பினர் மரத்தைப் பார்க்கணும்."

"நிஜமாவா? எதுக்கும்மா? உனக்கு ஒண்ணும் உடம்பு சரியில்லாம இல்லையே?"

நீலகண்டனின் மரத்தில் கோடைக்காலம் முழுக்கக் கீறல். ஆனியிலிருந்து ஆவணி வரை துளை மேல் துளை. புரட்டாசிக்குப் பிறகு இறகு உதிர்ந்துவிடுவதால் மரம் வழவழவென்று இருந்தது.

"இந்தக் கீறல் என்ன?"

"மயில்களுக்குக் கோடையில இலவச நிழல். எதிர்த்தாரு."

"இந்தத் துளை?"

"மயிலிறகைப் பிடுங்கி விசிறி செய்யலாம்னு ஒரு மசோதா. முழு ஆதரவு. நல்லவேளை, மத்தவங்க தோற்கடிச்சாங்க."

ஆமைகளுக்கு மழை மறக்காது. துளை விழுந்த ஒவ்வொரு தேதியையும் சடைச்சி கேட்டாள். அன்றெல்லாம் வானம் இருட்டியிருந்தது. நீலகண்டன் எந்த மசோதாவையும் ஆதரித்ததில்லை, எதிர்த்ததுமில்லை. மேகம் கண்டால் விரித்தார். வெயில் அடித்தால் மூடினார். அவ்வளவுதான்.

"அப்ப நாங்க கத்தினா?" என்றான் மாசாணம்.

"நீங்க கத்தினா மழை வருதுன்னு நினைச்சு உடனே விரிச்சிடுவாரு. நாலு வருசமா நீங்க எதிர்த்துக் கத்தின மசோதா எல்லாமே ஏன் ஜெயிச்சுதுன்னு இப்பத் தெரியுதா?"

மாசாணம் அந்த மசோதாக்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

சடைச்சி போகத் திரும்பியபோது அதைப் பார்த்தாள். போன ஆடி மாதத்தில், துளைகளுக்கு நடுவே, ஒரே ஒரு கீறல்.

"அண்ணே, இது என்ன? அன்னிக்குப் பேய்மழை ஆச்சே."

மரங்கொத்தி அலகைச் சொறிந்து யோசித்தார். "ஆமா, தோகையை விரிச்சுட்டாரு. அந்த நேரம் பார்த்து ஒரு முள்ளம்பன்றி, மச்சானுக்கு வேலை வேணும்னு மனுவோட நேரா அவைக்குள்ள வந்துடுச்சு. ஐயா பார்த்ததும் படார்னு மூடிக்கிட்டாரு. எதிர்ப்புன்னு பதிவாயிடுச்சு."

சடைச்சி அந்தக் கீறலை இன்னொரு முறை பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

ஆடி ஏழாம் தேதி காலையில் வானம் கருத்திருந்தது. நானூறு தவளைகளும் பார்வையாளர் மேடையில் அமர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு தாமரை விதை. சடைச்சியின் உத்தரவு. விதையைத் துப்புகிறவரோடு அவள் இனி பேச மாட்டாள்.

சடைச்சி வாயில் ஓர் இலையைக் கவ்விக்கொண்டு கேள்வி நேரத்திலேயே நடக்க ஆரம்பித்தாள். நீலகண்டனின் இருக்கை நாற்பதடி தூரத்தில் இருந்தது. அவள் வருகிறாளா, இருக்கிறாளா என்று காவலுக்கு நின்ற இரண்டு கீரிகளாலும் தீர்மானிக்க முடியவில்லை. இருக்கிறாள் என்றால் அவைக்குள் எப்படி வந்தாள் என்ற கேள்வி எழும். அதனால் பேசாமல் இருந்துவிட்டன.

மசோதா வந்தது. குட்டையை அதன் நினைவாகப் பாதுகாப்பது பற்றி ஒரு காட்டெருமை உருக்கமாகப் பேசியது. வால்கள் எண்ணப்பட்டன. ஆதரவு இருபது, எதிர்ப்பு இருபது. கடைசி இருக்கை நீலகண்டனுடையது.

தூரத்தில் இடி இடித்தது.

மாசாணம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூன்றாவது இடியில் தாமரை விதை தெறித்து ஓடியது.

"க்ராக்!"

அவ்வளவுதான். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது விதைகளும் தெறித்தன. பேரவை முழுக்க ஒரே கத்தல். நீலகண்டனின் கழுத்து நிமிர்ந்தது. கண்கள் கிறங்கின. ஓர் இறகு எழுந்தது, பத்து எழுந்தன, பாதித் தோகை விரிந்தது. மரங்கொத்தி துளை போட அலகை ஓங்கினார்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்று கீழிருந்து ஒரு குரல் கேட்டது.

நீலகண்டன் குனிந்தார். காலடியில் ஓர் ஆமை. அதன் வாயோரத்தில் ஓர் இலை.

தோகை படாரென்று மூடிக்கொண்டது.

"எதிர்ப்பு!" என்றார் மரங்கொத்தி.

"முக்கியமான கூட்டம்" என்றார் நீலகண்டன். அவையில் புதர் இல்லாததால் காட்டெருமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மசோதா தோற்றது. வெளியே வந்ததும் மாசாணம் அந்த இலையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான்.

"அக்கா, இதுல ஒண்ணுமே எழுதலையே?"

"எழுத எங்கடா நேரம்? நடக்கவே நேரம் சரியா இருந்தது."

மறுநாள் காட்டில் மரத்துக்கு மரம் பேனர் தொங்கியது. "மனசாட்சியின் குரல் கேட்டுக் குட்டையைக் காத்தவரே!" மாசாணமும் போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். கேட்டதற்கு, படம் தெளிவாக வந்திருப்பதாகச் சொன்னான்.

முட்டைகள் பொரித்தன. பதினொன்றும் பிழைத்தன. குழந்தைகள் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்தபோது சடைச்சியின் மனம் இளகியது.

"என்ன இருந்தாலும், அவர் அன்னைக்கு மூடினதாலதானே இதுக இருக்குது?" என்றாள்.

"உங்களைப் பார்த்துப் பயந்து மூடினாரு."

"எப்படியோ மூடினாரில்ல. ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்டா. அதுதான் முறை."

ஆவணி கடைசியில் குட்டைக்கு ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டும் மசோதா பேரவைக்கு வந்தது. குட்டைவாசிகள் எல்லோரும் கேட்டிருந்த வாய்க்கால். அன்றும் மேகம். தவளைகளுக்கு இம்முறை எந்தத் தடையும் இல்லை, காலையிலிருந்தே கத்தின. ஆதரவு இருபது, எதிர்ப்பு இருபது. நீலகண்டனின் தோகை முழுதாக விரிந்தது. உதிரும் பருவத்துக்கு முந்தைய கடைசி விரிப்பு. அப்படி ஓர் அழகை அவை அந்த ஆண்டு கண்டதில்லை. மரங்கொத்தி அலகை ஓங்கினார்.

அந்த நேரத்தில் நீலகண்டன் தற்செயலாகக் கீழே பார்த்தார்.

சடைச்சி வாயில் ஓர் இலையோடு நின்றிருந்தாள். அவள் பின்னால் வரிசையாகப் பதினோரு குட்டி ஆமைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் இலை. பன்னிரண்டு இலைகளிலும் அழகான கையெழுத்தில் "நன்றி" என்று எழுதியிருந்தது.

நீலகண்டன் அலறிக்கொண்டு ஆலமரத்தின் உச்சிக்குப் பறந்தார். போகிற வேகத்தில் மூன்று இறகுகள் உதிர்ந்தன.

"எதிர்ப்பு" என்றார் மரங்கொத்தி.

திரும்பி வரும் வழியில் மூன்று நாளும் மாசாணம் அவளோடு பேசவில்லை. குட்டையின் விளிம்பு கண்ணில் பட்டதும் மட்டும் கேட்டான்.

"அக்கா, சும்மா வீட்டுலேயே இருந்திருக்கலாமில்ல?"

நீதி: உங்கள் உறுப்பினர் மீது குறை இருந்தால் உடனே நேரில் போய்ப் பாருங்கள், எழுதிக்கொண்டு போவது உங்கள் விருப்பம். நன்றி சொல்வதாக இருந்தால் மட்டும், வாய்க்கால் வெட்டி முடியும்வரை பொறுங்கள்.