பத்துத் தடவை கூட்டியும் ஒன்றாகாத ஒன்று

தென்காசி,
14-7-1968

மரியாதைக்குரிய மைத்துனர் முத்துராமலிங்கம் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாறும்பூநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கும் அவ்வாறே இருக்கக் குற்றாலநாதரை வேண்டுகிறேன்.

என் மகள் குழல்வாய்மொழிக்கு நீங்கள் பார்த்த பம்பாய் மாப்பிள்ளை ஞானசம்பந்தத்தை நான் வேண்டாமென்றதற்குக் கோபித்து எழுதியிருந்தீர்கள். காரணத்தைக் கேளுங்கள். அவர் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் என்னும் மிஷினில். இன்னின்னபடி செய் என்று எழுதிக் கொடுத்தால் அது கணக்குப் போடுமாம். 'வேடிக்கை பாருங்கள்' என்று அது அச்சடித்த தாள் ஒன்றை அனுப்பியிருந்தார். பத்தில் ஒன்றைப் பத்துத் தடவை கூட்டினால் 0.9999999 என்கிறது! முப்பத்திரண்டு வருஷம் இந்த மாதிரி விடைக்குப் பிரம்பெடுத்தவன் நான். கூட்டல் தெரியாத மிஷினை நம்பிப் பிழைக்கிறவருக்கா பெண் கொடுப்பேன்?

நேற்று ஐந்தருவியில் உடம்பெல்லாம் எண்ணெயோடு நிற்கிறேன், பம்பாயிலிருந்து லீவில் வந்திருந்த அந்த ஞானசம்பந்தமே எதிரே வந்து கும்பிடுகிறார். ஓடலாமென்றால் வழுக்குகிறது.

"மாமா, ஒண்ணை மூணால வகுத்தா என்ன வரும்?"

"புள்ளி மூணு மூணு மூணு... அது முடியாதே வே!"

எழுதிக் காட்டுகிறேன் என்று என் எண்ணெய் வயிற்றிலேயே விரலால் ஆரம்பித்துவிட்டார். மூணு மூணாக விலாவைச் சுற்றிப் போக, எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும் ஏசுவடியான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அசையாதிய அண்ணாச்சி, முதுகுல இன்னும் எடம் கெடக்கு!" என்றான். முதுகும் தீர்ந்தது.

"எடம் தீந்துட்டு. இப்ப இதை மூணு தடவ கூட்டுங்க."

"புள்ளி ஒம்பது ஒம்பது ஒம்பது..."

"அப்ப ஒங்களுக்குக் கூட்டத் தெரியாதா மாமா? மிஷினு ரெண்டு ரெண்டாத்தான் எண்ணுது. நமக்கு மூணுல ஒண்ணு எப்படியோ, அதுக்குப் பத்துல ஒண்ணு அப்படி. எழுதி முடியாது. எடம் தீந்ததும் மிச்சத்த உதறிட்டு நின்னுருது."

ஐயா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! "மாப்பிள்ளை!" என்று கட்டிப் பிடித்தேன். இருவரும் வழுக்கி விழ, அருவிக்கு நின்ற வரிசை முழுக்க எங்கள் மேல் விழுந்தது. கிடந்தபடியே சம்மதம் சொல்லிவிட்டேன். ஆவணியில் நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு வரவும். பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும், பின்னமில்லாமல் முழுதாக.

தங்கள்,
நாறும்பூநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் குழல்வாய்மொழி இதை வாங்கிப் படித்தாள். "எல்லாம் சரிதாம்ப்பா. ஆனா எத்தன இலக்கம் காட்டணும்னு நாமதான் மிஷினுகிட்ட சொல்லணும். ரெண்டு போதும்னு சொல்லியிருந்தா 1.00-னு காட்டியிருக்கும். இம்புட்டு ரகளையே இல்ல" என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்றேன். சென்னையில் அந்த மிஷினைப் பழகும் வகுப்பில் இடம் கிடைத்த கடிதத்தை நீட்டுகிறாள்! "ஒரு வருசம் போட்டும். நானே அவுகளப் பாத்துப் பேசுதேன். பிடிச்சா சொல்லுதேன்" என்கிறாள். ஆகவே ஆவணியில் வர வேண்டாம். கடிதம் கண்டதும் கிளம்பி வாருங்கள். நான் திட்ட வாயெடுத்தால் சிரிப்பு வந்து தொலைக்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிற கோபத்தில் தங்கள் தங்கை எங்கள் இருவரையும் விளக்குமாற்றோடு தேடுகிறாள்.