சுருக்கரின் பக்கம் ஏன் பெருத்தது

சுருக்கர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நலமா என்று கேட்டால் “ம்” என்பார். உடம்பு தேவலையா என்று கேட்டால், இன்னொரு “ம்” செலவழிக்க மனமில்லாமல் தலையை ஆட்டுவார். குழந்தை பிறந்ததற்கும் “ஆச்சு” என்றுதான் செய்தி அனுப்புவார், மாமனார் போனதற்கும் “ஆச்சு” என்றுதான் அனுப்புவார். சிரிப்பதா அழுவதா என்பது உங்கள் பாடு.

நாம் பார்க்கப்போகிற சுருக்கருக்குப் பிழைப்பே சுருக்குவதுதான். இணையதளங்களைத் தாங்கும் கணினிகளை, அதாவது சர்வர்களை, பார்த்துக்கொள்கிற வேலை. பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கும்போதுகூட, “எங்க வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது” என்று வைத்தியர் அலுத்துக்கொண்டால், வாயில் இருக்கும் பஞ்சோடு கேட்பார்: “கம்ப்ரெஷன் போட்டீங்களா?”

போட்டால் என்ன ஆகும்? பக்கத்திலுள்ள எழுத்தையெல்லாம் சர்வர் அமுக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பும். வாங்குகிற போன் பிரித்துக்கொள்ளும். ஓர் எழுத்துகூடத் தொலையாது. திரும்பத் திரும்ப வருவதை ஒரு முறை மட்டும் முழுசாக எழுதிவிட்டு, மற்ற இடங்களில் ‘மேற்படி’ போடுகிற வித்தை. அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது மட்டும் சுருக்கர் சுருக்க மாட்டார்.

அவருடைய அப்பா போனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“அப்பாவுக்கு நெட்ல ஒரு பக்கம் போடுடா. ஞாயித்துக்கிழமை காரியத்துக்கு எல்லாரும் வராங்க, உங்க அத்தையால மட்டும் எழுந்து வர முடியாது. அண்ணனைப் பத்தி அவ போன்லயாவது படிக்கட்டும்,” என்றாள் அம்மா.

அத்தையின் போன் அரதப் பழசு. சிக்னலோ வாசல்வரை வந்து திரும்பிவிடும். சுருக்கர் உடனே உட்கார்ந்தார். எழுதவா? கம்ப்ரெஷன் போட! அமுக்கும் அளவைக் கூட்டினார், குறைத்தார், எவ்வளவு சின்னப் பக்கமானாலும் அமுக்காமல் விடாதே என்று சர்வருக்குக் கட்டளையிட்டார், அப்பாவின் படத்தையும் அமுக்கப் பார்த்தார். போட்டோ ஏற்கெனவே அமுக்கியதுதான், இனி அமுங்காது. ஊரார் இதைச் செய்தால் விழுந்து விழுந்து சிரிப்பவர். அப்பா படம் என்றதும் கை தானாகப் போய்விட்டது.

“எழுதிட்டியாடா?” என்றாள் அக்கா.

“வேகம் பாத்துட்டிருக்கேன்.”

“யாரு உன்னைத் துரத்துறாங்க?”

சனிக்கிழமை சோதித்தார். அமுக்கிய பக்கம், அமுக்காத பக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சுருக்கருக்கு வேர்த்துவிட்டது. சர்வரைத் திட்டினார், அணைத்துப் போட்டார். அக்கா எட்டிப் பார்த்தாள். படத்துக்குக் கீழே இருந்தது இவ்வளவுதான்: ‘அப்பா. கண்டக்டர். நல்லவர்.’ மூன்று சொல்லைப் பொட்டலம் கட்டினால் கயிறுதானே கனக்கும்?

“அடப்பாவி! டிக்கெட்லகூட இதைவிட அதிகமா எழுதியிருக்கும்டா!”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “உங்க அத்தை இதையா படிக்கணும்? புருஷனுக்கு வேலை போயி, புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவ வந்து நின்னாளே, அன்னிக்குச் சின்னப் பையன் நீ என்ன சொன்ன? இங்க இடம் எங்கம்மா இருக்குன்னு கேட்ட. உங்கப்பா என்ன சொன்னாரு?”

சுருக்கருக்குத் தெரியும். அப்பா பஸ்ஸில் சொல்வதைத்தான் அன்றைக்கும் சொன்னார்.

“உள்ள தள்ளிப் போங்க, நடுவுல இடம் இருக்கு.”

சாப்பிட உட்காரும்போது அதேதான். ஒரே போர்வைக்கு அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டபோதும் அதேதான். மூச்சுவிட இடமில்லாத வண்டியிலும் ஒருவரை நிறுத்தத்தில் விட்டுவிட்டு அவர் விசில் ஊதியதில்லை. அம்மா சொல்லச் சொல்ல, அக்கா இடையில் புகுந்து திருத்தத் திருத்த, சுருக்கர் தட்டிக்கொண்டே போனார். கண்ணாடியைத் துடைக்க மட்டும் அடிக்கடி நிறுத்தினார். கண்ணாடி மேல் பழி.

முடித்துவிட்டுக் கம்ப்ரெஷன் போட்டார். பக்கம் பாதிக்கும் கீழே அழகாக அமுங்கியது. அமுங்காமல்? அப்பா வாழ்நாளெல்லாம் சொன்னது ஒரே வசனம். முதல் முறை முழுசாக, அப்புறம் எல்லாம் மேற்படி.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டாள்.

“வேகமா திறந்துச்சா அத்தை?”

“வேகமா? அதை யாருடா பாத்தா? ரெண்டு தடவை படிச்சிட்டேன். எங்களைத் தூங்க வச்சிட்டு அண்ணன் வாசல்ல படுத்துக்கிட்டதை விட்டுட்டியே. அதையும் எழுதுடா.”

“ம்,” என்றார் சுருக்கர்.

என்ன, உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஓர் ஆள் உண்டு என்று சிரிக்கிறீர்களா? வீட்டிலிருந்து கடைசியாக வந்த செய்திக்கு என்ன பதில் போட்டீர்கள், எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் படமா? அப்படியானால் நீங்களும் எங்கள் இனம்தான், படியில் தொங்காதீர்கள். உள்ளே தள்ளிப் போங்கள். எங்கள் வண்டியில் நடுவில் இடம் இருக்கிறது.