மாமாவின் வெள்ளிக்கிழமை விரதம்

ட்ருகனினா, மெல்பேர்ண்,
சனி காலை.

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய சந்திரவதனா மாமி அவர்களுக்கு, மருமகள் மிருணாளினி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். சிட்னி நார்த்மீட் வீட்டில் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். மாமாவும் நலம். நேற்றுக்கூடப் பார்த்தேன்.

மாமாவை எரித்து ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஃபோனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆகவே கடிதம். இன்று சிட்னி வரும் உங்கள் மகன் தனோஜனிடம் கொடுத்துவிடுகிறேன். பிரித்தாலும் பயமில்லை. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு மாமா சொன்னது நினைவிருக்கும். "பிள்ளை, என்ர கட்டியை ஆராய்ச்சிக்குக் குடுத்திட்டன். உங்கட லாபுக்குத்தான் வரும். வடிவாப் பார்." எங்களிடம் வரும் கட்டிகளுக்குப் பெயர் கிடையாது. ஆண், அறுபத்தேழு வயது, இடது சிறுநீரகம். அப்படி ஒரு குப்பி அந்த வாரம் வந்தது. யாரென்று நான் தெரிந்துகொள்ளக் கூடாது. தெரிந்துகொண்டேன்.

கட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்க்கும் புற்றுக் கலங்களுக்கு விற்றமின் டி கொடுத்து, வளர்ச்சி குறைகிறதா என்று பார்ப்பது என் வேலை. மற்றவர்களுடைய கலங்கள் கொஞ்சம் அடங்கின. இவை அடங்கவே இல்லை. எனக்கு இருந்த சந்தேகமும் போயிற்று. வெயிலில் நடக்கச் சொன்ன டொக்டரிடம் "கறுத்துப்போனா எனக்கு ஆர் பொம்பிளை தருவினம்?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் இருவரும் இங்கே இருந்த காலத்தில் மரமே இல்லாத ட்ருகனினாவில் குடையோடு திரிந்தவர் அல்லவா. விற்றமின் குளிசைகளைக் கதிரை மெத்தைக்குள் செருகி வைத்தவர் அல்லவா.

திவசத்துக்கு முதல் வாரம், ஆறுதலாக இருக்கட்டும் என்று இதை உங்களிடம் சொன்னேன். அங்கே தொடங்கியது எல்லாம். அவரில் ஒரு துண்டு மெல்பேர்ணில் உயிரோடு இருக்கிறது, திவசம் செய்யலாமோ என்று நீங்கள் ஐயரைக் கேட்க, அவர் வெகுநேரம் யோசித்து "மிச்சத்துக்குச் செய்வம் அம்மா" என்று சொல்ல, அன்று பின்னேரமே நீங்கள் மறுபடி குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கையோடு எனக்கு ஃபோன் எடுத்து "என்ன சாப்பாடு குடுக்கிறாய்?" என்று கேட்க, நானும் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். சீனி, உப்பு, கன்றுக்குட்டியின் குருதிநீர்.

"மாட்டு ரத்தமோ! வெள்ளிக்கிழமையுமோ? எடி, அவர் வெள்ளியில முட்டைகூடத் தொடமாட்டார்!"

கலாநிதிப் பட்டம் பெற்ற நான், அந்த வாரம் முதல் வெள்ளிகளில் வெறும் சீனித் தண்ணீர் மட்டும் வைத்தேன். சீனித் தண்ணீரானாலும் முழு உணவானாலும் அதில் கலந்த சாயத்தால் சிவப்பு நிறம். கலங்கள் உண்டால் விடியுமுன் மஞ்சளாகும். விரத நாளில் சிவப்பாகவே கிடக்கும். "இண்டைக்குச் சிவப்போ?" என்று கேட்பீர்கள். "ஓம் மாமி, சிவப்பு." நிம்மதியாக ஃபோனை வைத்துவிடுவீர்கள்.

போன கிழமை ஆய்வகத் தலைவி என் வரைபடத்தைச் சுவரில் போட்டாள். உன்னுடைய கலங்கள் மட்டும் வாராவாரம் ஒருநாள் படுத்துவிடுகின்றனவே, ஏன் என்று கேட்டாள். விரதம் என்று எப்படிச் சொல்வது? முழுவதும் கெட்டுப்போன பரிசோதனை, அழித்துவிடு என்றாள். கலங்கள் யாருடையவை என்று அறிய ஒரு மாதிரியையும் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.

திங்கள் காலை எட்டு மணி. ஊற்றப்போவது வேறொன்றுமில்லை, குசினியில் பாவிக்கும் பிளீச்தான்.

"அப்பிடி ஏதும் நடந்தா முன்னமே சொல்லிப்போடு. போனமுறை ஆரோ வந்து என்ர பொட்டை அழிச்சவை. இந்தமுறை நானே அழிக்க வேணும்" என்று முன்பொருநாள் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எட்டு மணி, மாமி.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். சிறியவர்களுக்கு அன்பு. மாமாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மிருணாளினி

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தேன். முடிவு காத்திருந்தது. அது மாமா இல்லை. ஆணே இல்லை. எப்போதோ இறந்துபோன, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கலங்கள். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு துளியாகத் தெறித்து, மாமாவின் இடத்தைப் பிடித்து வளர்ந்திருக்கின்றன. மாமா வந்த கொஞ்ச நாளிலேயே முடிந்திருப்பார். ஐயர் திவசம் செய்தது மிச்சத்துக்கல்ல, முழுவதுக்கும். நீங்கள் சொல்லப்போவது இங்கே கேட்கிறது: "கடைசியில அவருக்கு ஒரு பொம்பிளை கிடைச்சிட்டுது."

ஒன்று மட்டும். அழியப்போகிறவற்றுக்கு இனி என்ன விரதமென்று, நேற்று வெள்ளி, கன்றின் குருதிநீரைத் தாராளமாக ஊற்றிவிட்டுப் போனேன். இப்போது தட்டு என் முன்னால் இருக்கிறது. கலங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. உணவு சிவப்பாகவே இருக்கிறது.

வெள்ளியில் தொடவில்லை.

பொட்டை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், மாமி.