சின்னராசரின் ஒரேயொரு சிகரெட்

இழுப்பதற்காக அல்லாமல், பேசும்போது ஆட்டுவதற்கென்றே சிகரெட் கொளுத்தும் ஓர் இனம் உண்டு. நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒஸ்லோவில், புருசெத் பகுதி அடுக்குமாடிப் பல்கனியில், மைனஸ் எட்டுக் குளிரில் நின்று, முதல் இழுப்பு முடிந்ததுமே "விசயம் என்னெண்டால்" என்று தொடங்கி, மின்சார விலை, கோயில் நிர்வாகம், அடுத்தவர் வாங்கிய கார் என்று அத்தனையையும் சிகரெட் நுனியால் காற்றில் எழுதிக் காட்டுவார்கள்.

ஐந்தாம் மாடிச் சின்னராசர் இந்த இனத்தின் முடிசூடா மன்னர். முன்பு அவருக்கு ஒரு குறையுமில்லை. அவர் கதைப்பார், சிகரெட் தன்பாட்டில் எரியும். பிறகு, மறந்துபோய் வைத்த சிகரெட் வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. இழுக்காமல் விட்டால் சிகரெட் தானாகவே அணைந்துவிடும். நல்ல சட்டம்தான். யாருக்கு? வாயை மூடிக்கொண்டு புகைப்பவனுக்கு!

திரும்பத் திரும்பக் கொளுத்திச் சமாளித்தார். டொக்டரின் பேச்சைக் கேட்ட மனைவி ராசமலர் அதற்கும் முடிவு கட்டினார்.

"இஞ்சேருங்கோ, லைட்டர் இனி என்னட்டைத்தான். ஒரு நாளைக்கு ஒண்டு. ஒருக்காத்தான் கொளுத்தித் தருவன். அணைஞ்சு நூந்தால் நூந்ததுதான்."

முதல் மூன்று நாட்களும் மூன்று சிகரெட்டுகள் பாதியிலேயே உயிரை விட்டன. நான்காம் நாள் சின்னராசர் சபதம் எடுத்தார்: வாயே திறப்பதில்லை. ராசமலர் கொளுத்திக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஓர் இழுப்பு. இரண்டு. மூன்று. அடடா, என்ன சுகம்! இன்றைக்கு முழுதாக முடித்துவிடலாம்.

பக்கத்துப் பல்கனியிலிருந்து சுபேசன் தலையை நீட்டினான்.

"அண்ணை, இந்தச் சிகரெட் ஏன் தன்பாட்டில நூருது?"

சின்னராசர் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் குலுக்கினார்.

"பொயிலைக்குத் தண்ணி தெளிக்கிறாங்களாம்," என்று அவனே தொடர்ந்தான்.

தண்ணியா? இப்படியொரு பிழையான விளக்கத்தைக் கேட்டுவிட்டு மனிதன் சும்மா நிற்கலாமா?

"ஆரடா உனக்குச் சொன்னது? விசயம் கடதாசியிலை இருக்கு. இடைக்கிடை தடிப்பா வளையம் வைச்சிருக்கிறாங்கள். அதுக்குள்ளாலை காத்துப் போகாது. நெருப்பு அதிலை வந்து நிண்டிடும். இழுக்காமல் கதைச்சுக்கொண்டு நிண்டியெண்டால், இந்தா பார், இப்பிடி…"

நீட்டிக் காட்டினார். நூந்திருந்தது.

"ஓம் அண்ணை," என்றான் சுபேசன், "நல்லா விளங்குது."

பாதிச் சிகரெட் போன துக்கத்தில் அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும், செய்முறையோடு விளக்கிவிட்ட பெருமையில் மீசையைத் தடவிக்கொண்டார்.

எனக்குத்தான் புகைப் பழக்கமே இல்லையே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சரி. இன்று காலை உங்கள் தேநீர் ஏன் ஆறிப்போனது? யாருக்கு என்ன விளக்கிக்கொண்டிருந்தீர்கள்? அவர் உங்களிடம் கேட்டாரா?