அத்தையின் முட்டியும் நான் காட்டிய ரோபோவும்

நாலு வீடியோ பார்த்தால் போதும், அந்தத் துறைக்கே நான்தான் தலைவர் என்ற நினைப்பு எனக்கு வந்துவிடும். (பார்ப்பது தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க் வேலை.)

கோத்தகிரியில் என் மாமியாருக்கு ஒரு சரிவு நிறையத் தேயிலை. முட்டி தேய்ந்துபோய், நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் தோட்டத்துக்குள் இறங்குவார். கோவையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

“வலது முட்டிய மாத்திடலாம். வழக்கமான முறையிலும் செய்யலாம், ரோபோ உதவியோடவும்...”

“ரோபோதான் மேடம்! மனுஷக் கை நடுங்கும், அது நடுங்காது” என்று குறுக்கே பாய்ந்தேன். டாக்டரம்மா தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தைக்கு விளக்கினேன். “அதுவே அறுத்து, அதுவே மாட்டிடும் அத்தை. டாக்டர் சும்மா பக்கத்துல நிப்பாங்க.” அத்தை முட்டியைச் சேலைத் தலைப்பால் இழுத்து மூடிக்கொண்டார்.

அட்மிஷன் நாளில் அத்தையை வீல்சேரில் உட்காரவைத்து எக்ஸ்ரேவுக்காகக் காத்திருந்தோம். வராந்தா மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு நீல மெஷின், பச்சை விளக்கு மினுக்க நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தையின் கையை அதன்மேல் வைத்துப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: ‘நாளை ஆபரேஷன் செய்யப்போகிறவர் இவர்தான்.’

பதினெட்டு லைக் வந்த நேரத்தில் துப்புரவு அக்கா ஒருவர் வந்தார். “கொஞ்சம் நகருங்க சார், தரை கழுவணும்.” மெஷினை உருட்டித் தரையைக் கழுவிக்கொண்டே போய்விட்டார்.

அத்தை அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“ஏனுங்க மாப்ள, தரை கழுவறதுதான் என் முட்டிய அறுக்குமுங்களா?”

சொல்லிவிட்டு வீல்சேரை விட்டு எழுந்து, நண்டு நடையிலேயே லிஃப்ட் பக்கம் கிளம்பிவிட்டார். (வலியோடு அவ்வளவு வேகம் நான் பார்த்ததில்லை.) நான் பின்னால் ஓட, எதிரே டாக்டரம்மா. நடந்ததைக் கேட்டவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானம்.

“ரோபோ தானா எதுவும் அறுக்காதுங்கம்மா. அது அளவு காட்டும், என் கை கோடு தாண்டாமப் பாத்துக்கும். அறுக்கறது நான்தான். அது இல்லாமலும் நிறையப் பேருக்குச் செஞ்சிருக்கேன். உங்க முட்டிக்கு ரெண்டுமே சரிதான்.”

அத்தை அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நடுக்கமே இல்லீங்களே! இந்தக் கையே போதுமுங்க.”

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அடுத்த நாளே வாக்கர் பிடித்து நடக்கவைத்தார்கள். இப்போது தோட்டத்தில் நேராகவே இறங்குகிறார்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு அத்தை வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் கல்யாணப் போட்டோவுக்குக்கூட அந்த வீட்டில் இடம் கிடைத்ததில்லை. புதிதாக வருகிறவர்கள் ‘இது என்னங்க?’ என்று கேட்டால் போதும், அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்:

“அதுங்களா? எங்க மாப்ள எனக்குப் பாத்துவெச்ச டாக்டருங்க!”