பாப்பாவின் தொண்டையைக் கட்டியது யார்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அத்தையும் நலமென்றே நம்புகிறேன். போனில் நான் ஒன்று சொல்ல உங்கள் காதில் வேறொன்று விழுவதால் எழுத வேண்டியதாயிற்று. உங்கள் மகள் நான்கு நாள் பயிற்சிக்கு வெளியூர் போனபோது, "ரெண்டு புள்ளைங்களையும் இவரு எங்க பார்க்கப் போறாரு" என்று அத்தையிடம் சொன்னீர்களாமே. பார்த்துவிட்டேன். நீங்கள் வரத் தேவையில்லை.

முந்தாநாள் காலை சின்னவள் பாலை ஒரு வாய் உறிஞ்சினாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பத்து மாதக் குழந்தை, பல் முளைக்கிறது என்று நினைத்துக் கடிக்கிற வளையத்தைக் கொடுத்தேன், அதை என் மூக்கின் மேலேயே எறிந்தாள். அப்படியானால் கோளாறு பால் புட்டியில்தான் என்று, லிஃப்ட் மெக்கானிக் புத்தி எங்கே போகும், அதைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கழுவி மாட்டினேன். மூன்று புட்டி மாற்றியும் அதே கதை. உடம்பு சுட ஆரம்பித்தது, மதியத்துக்குள் அழுது அழுது குரலே கம்மிவிட்டது. கீழே நின்று காதைக் கொடுத்தே எட்டாவது மாடியில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற நான், பெற்ற பெண்ணின் அழுகை புரியாமல் மறுபடியும் புட்டியையே கழுவிக்கொண்டிருந்தேன்.

"தொண்டை கட்டிடுச்சு போல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலரை வயதுப் பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருப்பா கட்டினது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தங்கையின் கழுத்துத் துண்டை அவிழ்த்தாள், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். முடிச்சு அகப்படவில்லை. பாப்பா அழுவதற்கு வாயைத் திறந்த நேரம் பார்த்துக் குனிந்து எட்டிப் பார்த்தாள். "உள்ளதான் கட்டியிருக்கு. சிவப்பு ரிப்பன்." வேலைக்கு எடுத்துப்போகும் டார்ச்சை அடித்துப் பார்த்தேன் மாமா. தொண்டை செக்கச்செவேலென்று இருந்தது. காலையிலிருந்து நான் புட்டியின் வாயைப் பார்த்தேனே தவிர குழந்தையின் வாயைப் பார்க்கவில்லை.

தேன் தடவினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம். நர்ஸம்மா பாட்டிலைப் பார்த்ததும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். "ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது." டாக்டரம்மா சோதித்துவிட்டு, இது வைரஸ், ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றார். எடைக்குத் தகுந்த அளவில் காய்ச்சல் மருந்து எழுதினார். "பாலைக் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. முழுங்க முடியாம எச்சில் வழிஞ்சாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, ஆறு மணி நேரம் ஈரம் பண்ணாம இருந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க." நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கவனித்தது பெரியவள்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து பாப்பாவின் டயப்பரைத் தொட்டுப் பார்த்து, "ஈரம்பா" என்று அறிவித்துக்கொண்டே இருந்தாள். நான் கரண்டியில் பால் ஊட்ட, "சின்ன வாய்தான் குடுக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மேலதிகாரிகூட என்னை இவ்வளவு அழகாக வேலை வாங்கியதில்லை. இப்படி ஒரு பெண்ணைப் பெற என்ன தவம் செய்தேன் என்று தெரியவில்லை.

நேற்று மாலை சின்னவள் அரைப் புட்டி குடித்தாள். இன்று காய்ச்சல் இல்லை. உங்கள் மகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நிம்மதியாகப் பயிற்சியை முடித்துவிட்டு வரட்டும். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தனியாகவே சமாளித்துவிட்ட மருமகன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது பார்த்தேன், பெரியவளின் தட்டில் காலைச் சாப்பாடு அப்படியே இருக்கிறது. நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. "நேத்துல இருந்தே எனக்கும் வலிக்குதுப்பா. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல" என்கிறாள். மாமா, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். இதைக் கொண்டுவருபவர் என்னோடு வேலை செய்பவர், அவர் வண்டியிலேயே ஏறி வந்துவிடுங்கள். இந்த முறை எனக்குச் சொல்லித்தர ஆளில்லை.